வலிமையும் அளவும்

மரக்காணத்து உப்பளங்களைக் கடந்து இடையஞ்சாவடிப் பக்கம் காரோட்டிச் செல்லும் இளைஞருட் சிலர், தம் காரின் வலிமையை இன்னும் பெருக்கலாகாதோ என ஏங்குகின்றனர். அன்னார்க்கு நாம் கூறுவது ஒன்றே: கூட்டுமுன் அளவறிக.

சூப்பர்சார்ஜர் எஞ்சினுக்குள் காற்றை அமுக்கிச் செலுத்துங் கருவியாம். கடல்மட்டத்தில் காற்றழுத்தம் சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 14.7 பவுண்டு, அதன்மேற் கருவி கூட்டுவதே பூஸ்ட். காற்று மிகின் பெட்ரோலை மிகுதியாக எரிக்கலாம், ஆற்றலும் மிகும். ஆயின் அமுக்குண்ட காற்று சூடேறும். சூடு மிஞ்சின் எரிபொருள் காலமல்லாக் காலத்தில் வெடித்துப் பிஸ்டனைச் சிதைக்கும். நம் கடற்கரைக் கோடையோ முன்னரே வெம்மையுடையது.

2015ஆம் ஆண்டு மாதிரி டாட்ஜ் ஹெல்கேட் 11.6 பவுண்டு பூஸ்டில் 707 குதிரைத்திறன் தந்தது. 2018இன் டீமன் 14.5 பவுண்டில் 840 தந்தது. அதுவும் உயர் ஆக்டேன் பந்தய எரிபொருள் பெய்தபோதே. இவ்விரண்டும் பூஸ்டுக்கென்றே 9.5 என்னும் தாழ்ந்த அமுக்கவிகிதத்துடன் செய்யப்பட்டவை. 2016இல் இந்தியாவுக்கு வந்த மஸ்டாங் ஜிடியின் விகிதமோ 11. அதற்குச் சூப்பர்சார்ஜரும் இல்லை. அதன்மேல் ஹெல்கேட்டின் பூஸ்டை ஏற்றுவது பேதைமை.

கப்பியைச் சிறிதாக்கினால் பூஸ்ட் எளிதில் ஏறும். எஞ்சினின் பொறை ஏறாது. எனவே, குளிர்விப்பான், எரிபொருள், பிரேக்கு ஆகியவற்றை முதலிற் செம்மை செய்க. வேகத்தை இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத்தடத்திற் காண்க. பிறர் நடக்குஞ் சாலையில் அன்று. உப்பும் அளவிறந்தாற் கறி கெடும் என்பதை உப்பளக் கரையார்க்கு நாம் உரைக்கவும் வேண்டுமோ?