விபத்து நடந்த அன்றே ஒரு நோட்டு வாங்குங்கள்



திருச்சி, ஸ்ரீரங்கம் பகுதிகளில் சாலை விபத்தில் அடிபட்டவர்களும், அவர்களைக் கட்டில் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்ட குடும்பத்தாரும் சேர்ந்து இதை எழுதுகிறோம். சஞ்சீவி நகர் சந்திப்பு, பால்பண்ணை, ஜி கார்னர், காவிரிப் பாலம் தாண்டி மாம்பழச் சாலை என்று நாம் தினமும் போய்வரும் வழிகளில்தான் அடிபடுகிறோம். சமயபுரத்துக்குப் பாதயாத்திரையாக நெடுஞ்சாலையோரம் நடப்பவர்களும் நம் வீட்டு மனிதர்கள்தான். பட்ட வலி எவ்வளவு உண்மையானாலும், இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் எழுத்தில் இருப்பதுதான் எடுபடுகிறது. அதனால்தான் இந்த வேண்டுகோள்.

எல்லாவற்றிலும் முக்கியமானது, ஏ.ஆர். என்று சொல்லும் விபத்துப் பதிவேடு. புத்தூர் அரசு மருத்துவமனையானாலும் தனியார் மருத்துவமனையானாலும், "எப்படி அடிபட்டது?" என்று கேட்டு டியூட்டி டாக்டர் அதில் ஓரிரு வரி எழுதுவார். கூட வந்தவர் யாராவது போலீஸ் கேஸுக்குப் பயந்து, "வண்டியிலிருந்து தானாக விழுந்துவிட்டார்" என்று சொல்லிவிட்டால், இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் பிறகு அந்த வரியைத்தான் பிடித்துக்கொள்வார். நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். எந்த இடம், எத்தனை மணி, எந்த வண்டி, தெரிந்தால் அதன் எண். தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல்லுங்கள். மோதிவிட்டு நிற்காமல் போன, அடையாளம் தெரியாத வண்டியானாலும் உயிரிழப்புக்கு 2 லட்சம் ரூபாயும் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் பெற மோட்டார் வாகனச் சட்டத்தில் வழி இருக்கிறது.

போலீஸில் புகார் கொடுத்தவருக்கு முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகத் தரவேண்டும். தயங்காமல் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது நோட்டு. சாதாரணக் கோடுபோட்ட நோட்டு போதும். "செவ்வாய். கட்டு மாற்ற புத்தூருக்கு ஆட்டோ, போகவர 300. மகன் வேலைக்கு லீவு. இரவு வலியில் தூக்கமில்லை. படியேற இரண்டு பேர் பிடிக்கவேண்டியிருந்தது." இப்படி நாலு வரி, அன்றன்றைக்கே. போக்குவரத்துச் செலவு, சத்தான உணவு, கூட இருந்து பார்த்துக்கொண்டவரின் உழைப்பு, வலி எல்லாமே இழப்பீட்டில் சேரும். இரண்டு வருஷம் கழித்துச் சாட்சிக் கூண்டில் ஏறும்போது இவையெல்லாம் ஞாபகத்தில் நிற்காது.

மருந்துக்கடை பில்லில் எழுத்து சில மாதங்களிலேயே மங்கிவிடும். வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள். தமிழக அரசின் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில், திட்ட வரம்புக்குள், முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். பணம் கட்டவில்லையே என்று டிஸ்சார்ஜ் சம்மரியையும் எக்ஸ்ரே படத்தையும் விட்டுவிட்டு வந்துவிடாதீர்கள்.

"எனக்குச் சம்பளச் சீட்டே கிடையாதே" என்பார்கள் பூ கட்டுபவர்களும் தள்ளுவண்டிக்காரர்களும். கால் இழந்த ஒரு காய்கறி வியாபாரியின் வழக்கில், இப்படிப்பட்டவரிடம் வருமானத்துக்கு ஆவணம் எதிர்பார்க்கக் கூடாது என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனாலும் அவர் கேட்டது மாதம் 10,000 ரூபாய். நீதிமன்றம் எடுத்துக்கொண்டது 6,500. மொத்த வியாபாரியிடம் சரக்கெடுத்த துண்டுச்சீட்டும், சுயஉதவிக் குழுப் பாஸ்புத்தகமும் கையில் இருந்தால் இந்த இடைவெளி குறையும் என்றே நம்புகிறோம். எத்தனை சதவீதம் ஊனம் என்பதோடு, அந்த ஊனத்தால் எந்த வேலை முடியாமல் போனது என்பதையும் பார்க்கவேண்டும் என்பது 2010-ல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. குத்துக்காலிட்டு உட்கார முடியவில்லையா, மூட்டை தூக்க முடியவில்லையா, அதையும் எழுதுங்கள். வீட்டுவேலை செய்யும் பெண்களின் உழைப்புக்கும் மதிப்பு உண்டு; அவர்களும் எழுதவேண்டும்.

இல்லாததை ஒரு வரிகூடச் சேர்க்காதீர்கள். ஒரு பொய் பில் அகப்பட்டால் மற்ற உண்மைகளையும் நம்பமாட்டார்கள். ஆஸ்பத்திரி வாசலிலேயே வந்து பேசும் இடைத்தரகர்களை நம்பி வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். அசல் ஆவணங்களையும் கொடுக்காதீர்கள்.

2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மோட்டார் வாகனச் சட்டத் திருத்தப்படி, விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் இழப்பீட்டு மனு போடவேண்டும். இந்தக் கெடுவை எதிர்த்து வழக்குகள் போடப்பட்டிருக்கின்றன. அந்த வழக்குகளை நம்பித் தள்ளிப்போடவேண்டாம். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், அல்லது 15100 என்ற இலவச எண்ணில் கேட்கலாம்.

உங்கள் தெருவில் யாராவது அடிபட்டுப் படுத்திருந்தால், பார்க்கப் போகும்போது பழத்தோடு ஒரு நோட்டும் பேனாவும் வாங்கிப் போங்கள். அவரால் எழுத முடியாவிட்டால், பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு முதல் பக்கத்தை நீங்களே எழுதிக்கொடுங்கள்.

இப்படிக்கு,
திருச்சி, ஸ்ரீரங்கம் பகுதிகளில் விபத்தில் காயமுற்றோரும் குடும்பத்தினரும்