பயத்தைப் போக்கிய சட்டம்

போதைக்கு ஆளானவர்களின் வீடுகளுக்குப் போகும்போது நான் முதலில் காண்பது சாத்திய கதவைத்தான். அயலவர் அறிந்துவிடுவார்களோ, பொலிஸ் வந்துவிடுமோ என்ற பயம் அது. இந்தப் பயமே உயிரைப் பறிக்கும் என்று கண்டு, அமெரிக்காவில் சட்டத்தையே மாற்றினார்கள். அதைப் பற்றி இம்மாதம் பார்ப்போம், சகோதரிகளே.

ஹெரோயின், மோர்பின், பென்டனில் போன்றவை அளவு மிஞ்சினால் மூச்சு மெல்ல மெல்லக் குறைந்து நின்றுவிடும். உதடு நீலம் பாரிக்கும். தட்டினாலும் எழும்பமாட்டார். நலோக்சோன் என்ற மருந்து சில நிமிடங்களில் மூச்சை மீட்டுத் தரும். அமெரிக்காவில் 1971 இல் இதற்கு அங்கீகாரம் கிடைத்தது. ஆனால் நீண்டகாலம் அது வைத்தியசாலையிலும் அம்புலன்சிலுமே இருந்தது. ஆபத்து நேர்ந்ததோ வீட்டில். பக்கத்தில் நின்றவர்கள் தாயும் மனைவியும் நண்பர்களும்.

மருந்துச் சீட்டு நோயாளியின் பெயரிலேயே எழுதப்படும். மயங்கிக் கிடப்பவர் தானே மருந்தெடுக்க முடியுமா? தாயிடம் கொடுக்க வைத்தியர்கள் வழக்குக்கு அஞ்சினார்கள். உதவிக்கு அழைத்தால் தாமே கைதாவோம் என்று கூட இருந்தவர்கள் அஞ்சினார்கள்.

நியூ மெக்சிகோ மாநிலம் 2001 இல் நலோக்சோன் கொடுப்போருக்குச் சட்டப் பாதுகாப்பு அளித்தது. 2007 இல், உதவிக்கு அழைப்பவர் மீது போதைப்பொருள் வைத்திருந்ததாக வழக்குத் தொடர்வதையும் தடுத்தது. 2017 அளவில் 50 மாநிலங்களிலும் நலோக்சோன் பற்றிய சட்டங்கள் வந்துவிட்டன. 2023 மார்ச்சில், மூக்கினுள் விசிறும் நலோக்சோனைச் சீட்டில்லாமலே விற்க அனுமதி கிடைத்தது.

“மருந்து இருக்கிறதென்று துணிந்து போதை எடுப்பார்களே!” என்று எதிர்த்தவர்களும் உண்டு. ஆனால் நலோக்சோன் போதை தருவதில்லை. அடிமையானவருக்கு அது நடுக்கத்தையும் வாந்தியையும் கொண்டுவரும். அதை விரும்பி யாரும் ஆபத்தைத் தேடமாட்டார்கள். இறந்தவரைத் திருத்தவும் முடியாது.

ஒன்றை மறக்கக்கூடாது. இதன் வேலை 30 முதல் 90 நிமிடங்கள் வரைதான். பிறகு மூச்சு மீண்டும் நிற்கலாம். ஆகவே மருந்து கொடுத்த பின்னும் வைத்தியசாலைக்குக் கொண்டுபோகத்தான் வேண்டும். அடிமைத்தனத்துக்கான சிகிச்சை அதற்குப் பின்னர் தொடங்க வேண்டியது.

சட்டம் அந்தத் தாயிடம் சொன்னது இவ்வளவுதான்: முதலில் பிள்ளையைக் காப்பாற்று, கேள்விகள் பிறகு. நம் வீடுகளிலும் ஒருவர் மயங்கிக் கிடந்தால் வெட்கத்தை ஒதுக்கிவைத்து, உடனே கதவைத் திறந்து உதவிக்கு அழையுங்கள்.