வீடு கட்டுவோர்க்கும் ஒரு மொய் நோட்டு

கல்யாணத்தையும் வீடு கட்டுவதையும் நம் முன்னோர் ஒரே மூச்சில் சொல்லி எச்சரித்திருக்கின்றனர். இரண்டும் ஒருவர் தனித்து நின்று முடிக்கக்கூடிய காரியங்கள் அல்ல. உறவினர் வேண்டும், கூலிக்கு அமர்த்தும் ஆட்களும் வேண்டும், பெரும்பாலும் கடனும் வேண்டும். ஆயினும் இவ்விரண்டிற்கும் இடையே ஒரு வேற்றுமை உண்டு. கல்யாணப் பந்தலில் ஒருவர் மேசை போட்டு அமர்ந்து மொய் எழுதுகிறார். தாய்மாமன் போட்ட மோதிரமும், பங்காளி வைத்த ஐந்நூறு ரூபாயும் பெயருடன் நோட்டில் ஏறுகின்றன. எழுதியதற்காக எவரும் மனம் கோணுவதில்லை. எழுத விட்டுப்போனால்தான் வருத்தம். வீடு கட்டும் இடத்திலோ அந்த நோட்டு இல்லை. அது இல்லாமையால் விளையும் கேட்டைக் குறித்தே அங்கத்தினர்களுக்குச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

சங்கங்களின் கணக்கைச் சோதிப்பது நம் உத்தியோகம். ரொக்கப் புத்தகத்தில் அன்றைய இருப்பு எழுதப்படவில்லையெனில் விளக்கம் கேட்போம். ரசீது இல்லாத செலவை ஏற்கமாட்டோம். நூல் கிடங்கில் எடை குறைந்தால் மீண்டும் நிறுத்துப் பார்ப்போம். இத்தகைய நாம், நம் சொந்த வீட்டைக் கட்டியபோது ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்ளுகிறோம்.

நம் தந்தையார் தறி நெய்தவர். அவர் வாழ்ந்த ஓட்டு வீட்டைப் பிரித்துவிட்டு அதே மனையில் தளம் போட்ட சிறு வீடு ஒன்று கட்ட நினைத்தோம். நம் தாய்மாமன் நாற்பது ஆண்டு கரணை பிடித்த கொத்தனார். கூலி என்னவென்று கேட்டதற்கு, "தங்கச்சி வீட்டுக்கு வந்து கூலி பேசுவேனா, மாப்பிள்ளை? கொடுக்கிறதைக் கொடு" என்றார். அந்தச் சொல்லின் இனிமையில் பேச்சு முடிந்துவிட்டது. சனிக்கிழமைதோறும் நாமும், நாம் வெளியூர் சென்றிருந்தால் நம் தாயாரும், சில வேளை நம் மனைவியாரும் அவர் கையில் பணம் கொடுத்து வந்தோம். அதில் சித்தாட்களின் கூலி எவ்வளவு, அவருடைய கூலி எவ்வளவு என்று பிரித்து நோக்கியவர் எவரும் இல்லை.

தளம் போடும் வேலையை மட்டும் வெளியூர்க் காண்ட்ராக்டர் ஒருவரிடம் வாய்ப்பேச்சில் ஒப்படைத்தோம். பலகை அடித்துக் கம்பி கட்டுவதற்குள்ளாகவே பேசிய தொகையில் முக்கால் பங்கை அவர் வாங்கிக்கொண்டார். கான்கிரீட் போட்ட மறுநாள் அவர் ஆட்கள் வரவில்லை. தண்ணீர் விடுவது வீட்டுக்காரர் பொறுப்பு என்று அவர் எண்ணினார். அது காண்ட்ராக்டர் பொறுப்பு என்று நாம் எண்ணினோம். இரண்டு நாள் வெயிலில் தளம் காய்ந்து, மயிரிழை போன்ற வெடிப்புகள் ஓடின. மூன்றாம் நாள் அதைக் கண்ட நம் மாமன்தான், எவரும் சொல்லாமலே, களிமண்ணால் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினார். தினம் இருமுறை ஏணியேறி நீர் குறையாது பார்த்துக்கொண்டார். அந்த நாட்களும் எவர் கணக்கிலும் ஏறவில்லை.

வேலை முடிந்தபின், 'மாமனுக்கு நிறையவே கொடுத்துவிட்டோம்' என்று நம் வீட்டில் பேச்சு எழுந்தது. 'பாதிக்கூலிகூட வரவில்லை' என்று அவர் வீட்டில் பேச்சு எழுந்தது. இரண்டு வீட்டுப் பேச்சும் ஊரார் வாயால் இடம் மாறின. புதுமனை புகுவிழாவிற்கு அவர் வரவில்லை. அவர் வைத்த நிலைவாசலின் வழியாகத்தான் நாம் உள்ளே சென்றோம். நம் தாயார் அந்த நிலையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

ஓராண்டு கழிந்து அவர் வீட்டுக்கு நாமே சென்றோம். அவர் ஒன்றும் பேசாமல் சட்டைப் பையிலிருந்து சிறு நோட்டு ஒன்றை எடுத்து வைத்தார். வேலை செய்த நாளுக்கு ஒரு கோடு. வாங்கிய பணத்துக்கு ஓர் எண். சித்தாளுக்குக் கொடுத்ததற்குப் பக்கத்தில் ஒரு புள்ளி. ஐந்தாம் வகுப்போடு நின்றவர் கணக்கு எழுதியிருந்தார். பட்டம் பெற்று ஊர்ச் சங்கங்களையெல்லாம் சோதிக்கும் நாம் எழுதவில்லை. கூட்டிப் பார்த்ததில் அவருக்கு நாம் பதினேழு நாள் கூலி பாக்கி என்று தெரிந்தது. சித்தாள் கூலியாக அவர் கையைக் கடந்து சென்ற பணத்தையெல்லாம் அவருக்கே கொடுத்ததாக நாம் எண்ணியிருந்தோம். பாக்கியைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது ஒருமுறைக்கு இருமுறை எண்ணிப் பார்த்தே வாங்கிக்கொண்டார். அப்படி எண்ணி வாங்கியதே நமக்குப் பெரிய ஆறுதலாயிற்று.

உறவில் கணக்குப் பார்க்கலாமா என்று கேட்போர் உண்டு. அவர்களுக்கு நம் விடை இதுதான்: கணக்கு எல்லா உறவிலும் இருந்தே தீரும். ஒவ்வொருவரும் மனத்துக்குள் ஒரு கணக்கு வைத்திருக்கின்றனர். தாம் செய்ததை அதில் பெரிதாகவும், பிறர் செய்ததைச் சிறிதாகவும் எழுதிக்கொள்வது மனித இயல்பு. இருவர் மனத்திலுள்ள இரு கணக்குகளையும் ஒரே நோட்டுக்குக் கொண்டுவருவதுதான் எழுத்தின் பயன். மாமன் பத்து நாள் உழைப்பை இலவசமாகத் தர விரும்பினால் அதையும் எழுதுவோம். 'சீர்' என்று தலைப்பிட்டு எழுதுவோம். எழுதினால்தான் அவர் வீட்டுக் காரியம் வரும்போது நாம் திருப்பிச் செய்ய நினைவிருக்கும். மொய் நோட்டின் தத்துவமும் அதுவே அன்றோ?

நெசவாளர்க்கு இது புதிதன்று. சங்கத்தில் பாவும் ஊடையும் எடை போட்டு வாங்குகிறீர்கள். நெய்த சேலையை எடை போட்டே திருப்பிக் கொடுக்கிறீர்கள். நம்மைச் சந்தேகிக்கிறார்கள் என்று எவரும் கோபிப்பதில்லை. விவசாயிகளும் பருத்தியையோ மஞ்சளையோ தராசில் ஏற்றாமல் விற்பதில்லை. நூலுக்கும் விளைபொருளுக்கும் பொருந்தும் நியாயம் கம்பிக்கும் மணலுக்கும் மனித உழைப்புக்கும் பொருந்தாமற்போவதற்குக் காரணம் இல்லை.

கூட்டுறவு முறையில் வீடு கட்டியவர்கள் இவ்வழியைக் கண்டிருக்கின்றனர். கனடா தேசத்தின் நோவா ஸ்கோஷியா மாகாணத்தில் ரிசர்வ் மைன்ஸ் என்னும் நிலக்கரிச் சுரங்க ஊர் இருக்கிறது. அங்கே ஜிம்மி டாம்கின்ஸ் என்ற பாதிரியாரின் ஊக்கத்தால் தொழிலாளர்கள் சிலர் ஒன்றுசேர்ந்தனர். மேரி ஆர்னால்ட் என்ற அம்மையார் வழிகாட்ட, வீடு கட்டும் விதத்தைக் கூடியிருந்து படித்தனர். அட்டையில் மாதிரி வீடுகள் செய்து பார்த்தனர். 1938இல் பதினொரு வீடுகள் எழும்பின. அரசாங்கக் கடன் போக மீதிப் பங்கின் பெரும்பகுதியை அவர்கள் தங்கள் உழைப்பாகவே செலுத்தினர். உழைப்பைப் பங்குத் தொகையாகக் கொள்ள வேண்டுமாயின் அதற்கு ஒரு மதிப்பு வைத்தே தீர வேண்டும். மதிப்பு வைத்ததனால் அவர்களுடைய ஒற்றுமை குலையவில்லை. தங்கள் குடியிருப்புக்கு டாம்கின்ஸ்வில் என்று பெயரிட்டு அங்கே குடியேறினர்.

வீடு கட்ட எண்ணும் அங்கத்தினர்கள் நம் தவற்றைத் திரும்பச் செய்யாதிருக்கச் சில யோசனைகளைச் சொல்லுகிறோம்.

முதலாவது, கால்கோளுக்கு முன்பே ஒரு நோட்டு வாங்குக. அதில் பணம், பொருள், ஆள் நாள் என மூன்று பகுதிகள் இருக்கட்டும். சித்தாள் கூலியையும் கொத்தனார் கூலியையும் தனித்தனி வரியில் எழுதுக. வாரக் கூலி கொடுக்கும் அன்று வாங்குபவரும் கையெழுத்திடட்டும். வீட்டுப் பெண்கள் சுமந்த செங்கல்லும், விட்ட தண்ணீரும், ஆட்களுக்குப் பொங்கிய சோறும் இந்த நோட்டில் ஏற வேண்டும். பல வீடுகளில் பாதி வேலையைச் செய்பவர்கள் அவர்களே. கணக்கில் முற்றும் காணப்படாதவர்களும் அவர்களே.

இரண்டாவது, எந்த வேலையை எவரிடம், எந்த முறையில் விடுவது என்பதை முன்னதாக முடிவு செய்க. நாட்கூலி, கூலிக் காண்ட்ராக்ட், பொருளும் கூலியும் சேர்ந்த முழுக் காண்ட்ராக்ட் என்ற மூன்றுக்கும் நன்மையும் தீமையும் உண்டு. நாட்கூலியில் வேலை இழுபடும். கூலிக் காண்ட்ராக்டில் பொருள் விரயமாகும். முழுக் காண்ட்ராக்டில் பொருளின் தரம் குறையலாம். எம்முறையாயினும் ஒப்பந்தத்தை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுக. தண்ணீர் விடுவது யார், முட்டுகளை எடுப்பது யார், எந்த நாளில் எடுப்பது என்பவை அதில் இருக்க வேண்டும். சாதாரணச் சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாளும், சாம்பல் கலந்த சிமெண்டுக்குக் குறைந்தது 10 நாளும் கான்கிரீட் ஈரமாயிருக்க வேண்டும் என்பது இந்தியத் தர விதி. 14 நாள் விட்டால் இன்னும் நலம். இதற்கு ஒருவர் பெயரை எழுதாவிட்டால் அது எவருடைய வேலையும் ஆகாது.

மூன்றாவது, வேலைக்குப் பின்னால் பணம் செல்ல வேண்டும். முன்னால் செல்லக் கூடாது. அஸ்திவாரம், நிலைமட்டம், தளமட்டம், தளம், பூச்சு என்று படிகளாகப் பிரித்து, ஒரு படி முடிந்தபின் அதற்குரிய தொகையைக் கொடுக்கலாம். 2016இல் தொடங்கிய பிரதம மந்திரியின் கிராம வீட்டுத் திட்டத்தில் வேலையைப் படம் எடுத்துப் பதிந்து, படிப்படியாகத் தவணை விடுவதும் இதே நோக்கத்துடன்தான். கடைசித் தவணையில் ஒரு பகுதியை முதல் மழை கழியும் வரை நிறுத்தி வைப்பதாக முன்னரே பேசிக்கொள்வது நல்லது.

நான்காவது, பொருளை அளந்து வாங்குக. மணலும் ஜல்லியும் யூனிட்டில் விற்கப்படுகின்றன. யூனிட் என்பது 100 கன அடி. லாரியின் உள்நீளம் 10 அடி, அகலம் 5 அடி, மணலின் உயரம் 2 அடியானால் அது ஒரு யூனிட். ஓர் அளவு நாடா போதும். 12 மீட்டர் நீளமுள்ள கம்பி, 8 மில்லிமீட்டர் கனமாயின் ஏறத்தாழ 4.7 கிலோவும், 12 மில்லிமீட்டர் கனமாயின் 10.7 கிலோவும் நிற்கும். எண்ணி வாங்கியதை நிறுத்தும் பார்க்கலாம். சிமெண்டு மூட்டைகளைச் சுவரையும் தரையையும் ஒட்டாமல் பலகைமேல் அடுக்கி, பழையதை முதலில் செலவிடுக.

ஐந்தாவது, குடும்பத்தின் உழைப்பை எங்கே செலவிடுவது என்று யோசியுங்கள். செங்கல் சுமப்பதற்காகத் தறியை விட்டு இறங்கும் நெசவாளர், சித்தாள் கூலியை மிச்சம் பிடித்ததாக எண்ணுகிறார். அன்று நெய்யாமற்போன முழத்தின் கூலியை எண்ணுவதில்லை. இரண்டையும் எதிரெதிரே எழுதிப் பார்த்து, எது மிகுதியோ அதன்படி நடக்கட்டும். விதைப்புக் காலத்தில் வயலை விட்டுவிட்டுச் சுவர் எழுப்பும் விவசாயிக்கும் இதுவே பொருந்தும். தண்ணீர் விடுதல், பொருளைக் காவல் செய்தல், அளத்தல், எழுதுதல் ஆகியவற்றை வீட்டார் தொழிலைக் கெடுத்துக்கொள்ளாமல் செய்யலாம். தளம் போடுவதும், கம்பி கட்டுவதும், மின்சாரக் கம்பி இழுப்பதும் கற்றவர் கையில் இருக்கட்டும். தறிக்குழி எங்கே, வெளிச்சம் எப்பக்கம், ஜக்கார்டு வைக்கக் கூரை எவ்வளவு உயரம் என்பவற்றை மட்டும் அஸ்திவாரம் தோண்டுமுன் நெசவாளரே அளந்து சொல்ல வேண்டும். கொத்தனாருக்குத் தறியின் தேவை தெரியாது.

சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். மூன்று பகுதிகள் கோடிட்ட சிறு நோட்டு ஒன்றை அச்சிட்டு, வீடு கட்டும் அங்கத்தினருக்கு அடக்க விலைக்குக் கொடுக்கலாம். முன்னரே வீடு கட்டி முடித்த அங்கத்தினர் ஒருவர், படிதோறும் வந்து அந்த நோட்டைப் பார்வையிட்டு யோசனை சொல்லலாம். அளவு நாடாவும் தராசும் சங்கத்திலேயே இருக்கின்றன. செலவு மிகச் சொற்பம். வரும் பொதுக்கூட்டத்தில் இதனை விவாதிக்குமாறு நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்ளுகிறோம்.

நம் மாமனின் மகன் இப்போது வீடு கட்டத் தொடங்கியிருக்கிறார். கால்கோளுக்கு நாம் தட்டில் வெற்றிலை பாக்கோடு ஒரு கோடு போட்ட நோட்டையும் வைத்துக் கொண்டு சென்றோம். மாமன் அதைப் பிரித்து, முதல் பக்கத்தில் நாம் கொடுத்த சிமெண்டு மூட்டைகளைத் தாமே எழுதினார். பின்பு நம்மிடம் நீட்டிக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டோம்.