கார்ட்டூனை நிறுத்திப் பாருங்கள்!

"கார்ட்டூன் பார்த்தால் படிப்பு கெடும்" என்று பெற்றோர் கடிந்துகொள்வதுண்டு. இயற்பியல் ஆசிரியனாகிய நான் இதை முழுவதும் ஏற்பதற்கில்லை. எப்படிப் பார்க்கிறோம் என்பதே கேள்வி.

அனிமேஷன் என்பது சிறிது சிறிதாக வேறுபடும் ஓவியங்களின் வரிசை. திரைப்படத்தில் வினாடிக்கு 24 படச்சட்டங்கள் ஓடுகின்றன. 1937இல் டிஸ்னியின் 'ஸ்னோ ஒயிட்' படத்தை அரங்கில் கண்டவர்களால் அவற்றில் ஒன்றையேனும் நிறுத்திப் பார்க்க முடிந்திருக்குமா? வீட்டுக்கு வீடியோ வந்த பின்பே அது கைகூடியது. 1983இல் ஜப்பானில் 'டல்லோஸ்' என்ற அனிமேஷன் தொடர் நேரே வீடியோவாகவே வெளியாயிற்று. இன்று பழைய படங்களும் புளூ-ரே வட்டுகளில் துல்லியமாக வெளிவருகின்றன. ரசிகர் கூட்டமும் பெருகுகிறது.

இந்த வாய்ப்பை நாம் பயன்படுத்த வேண்டாமா? பந்து விழும் காட்சி ஒன்றை ஒவ்வொரு படச்சட்டமாக நகர்த்துங்கள். சமகால இடைவெளிகளில் பந்து கடக்கும் தூரங்களைத் திரையில் அளந்து குறியுங்கள். ஓய்வு நிலையிலிருந்து விழும் பொருளுக்கு அவை 1, 3, 5, 7 என்ற விகிதத்தில் அமையும் என்று கலிலியோ கண்டார். ஓவியர் அந்த விதிக்கு இணங்கினாரா? மீறினார் என்றால், ஏன்?

மலையுச்சியைத் தாண்டி ஓடிய பூனை, கீழே பார்க்கும்வரை அந்தரத்திலேயே நிற்கிறது. நாம் சிரிக்கிறோம். புவியீர்ப்பு அப்படிக் காத்திருக்காது என்று நமக்குத் தெரியுமல்லவா?

மாணவ நண்பர்களே, இரண்டு மணி நேரம் பார்த்து ரசியுங்கள். பிறகு பத்து வினாடிக் காட்சியை நிறுத்தி ஆராயுங்கள். அளந்த குறிப்பேட்டைப் பெற்றோரிடம் காட்டுங்கள். அவர்களும் உங்கள் அருகில் வந்து அமரக்கூடும்!