குறி தப்பினாலும் கூட நிற்பவர்



சித்திரைத் திருவிழாவில் அப்பாவோடு பலூன் சுட்டிருப்பீர்கள். நான்கு பலூன் வெடித்தாலே கொண்டாட்டம்தான்!

ஒலிம்பிக் ஏர் பிஸ்டல் போட்டியில் குறி இருப்பது 10 மீட்டர் தூரத்தில். அதன் நடுவட்டம் 11.5 மில்லிமீட்டர்தான், உங்கள் சட்டைப் பொத்தான் அளவு! 2024 பாரீஸ் ஒலிம்பிக்கில் இந்தப் பிரிவில் இரண்டு வெண்கலப் பதக்கங்கள் வென்றவர் ஹரியானாவின் மனு பாக்கர்.

பள்ளியில் படித்தபோது பிஸ்டலுடன் பேருந்தில் போக அவருக்கு அனுமதி இல்லை. வண்டி ஓட்ட வயதும் இல்லை. கப்பல் பொறியாளரான அப்பா ராம் கிஷன் வேலையை விட்டுவிட்டு மகளுக்குத் துணையாகப் போனார். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் பிஸ்டல் பழுதானது. மனு பதக்கமின்றித் திரும்பினார். மூன்று ஆண்டு கழித்தே பதக்கம் வந்தது.

எல்லா அப்பாக்களும் வேலையை விட முடியாது, விடவும் வேண்டாம். மாட்டுத்தாவணியில் விடியுமுன் காய்கறி மூட்டை இறக்கும் அப்பாவுக்கும் ஞாயிறு மாலை அரை மணி நேரம் கிடைக்கும். கோலிக்குண்டு அடிப்பதும் குறி பார்ப்பதுதானே! அப்பாவையோ, அம்மாவையோ, தாத்தாவையோ விளையாடக் கூப்பிடுங்கள்.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள்: பலூன் துப்பாக்கியானாலும் பெரியவர் துணையின்றித் தொடக்கூடாது; விளையாட்டுக்குக்கூட யாரை நோக்கியும் நீட்டக்கூடாது.