அமுதென்று பெயரிட்டால் போதுமா?

மூலிகைகளால் கல்லீரலுக்குக் கேடு நேரலாம் என்று எவரேனும் சொன்னால், மரபு மருத்துவ அன்பர்கள் உடனே கேட்பது: "பச்சிலைதானே, என்ன செய்துவிடும்?" நோயைத் தீர்க்கையில் வீரிய மருந்து, கேடு என்றால் வெறும் இலை. ஒரே கொடிக்கு இவ்விரண்டு முகங்களும் எப்படிப் பொருந்தும்?

சீந்திலையே எடுத்துக்கொள்வோம். வடமொழியில் அதற்கு அமிர்தா என்றே பெயர். நோய்த்தடுப்பாற்றலைத் தூண்டும் என்பது அதன் புகழ். 2020 அக்டோபரில் ஆயுஷ் அமைச்சகத்தின் கோவிட் நெறிமுறையிலும் அது இடம்பெற்றது. அவ்வாண்டின் இறுதி மாதங்களில், சீந்தில் உட்கொண்ட 6 பேர் மும்பையில் கல்லீரல் பாதிப்புடன் சிகிச்சைக்கு வந்ததை மருத்துவர்கள் 2021இல் ஆய்விதழில் பதிவு செய்தனர். வெளித்தெரியாத கல்லீரல் நோய் முன்பே இருந்த ஒருவர் இறந்துபோனார். 2022இல் வெளியான பெரிய ஆய்வு, 13 மருத்துவ மையங்களில் 43 பேரைக் கணக்கில் கொண்டது. உடலின் தடுப்பாற்றல் தன் கல்லீரலையே தாக்கும் நோயின் சாயல் பலரிடம் தென்பட்டது.

அமைச்சகம் என்ன சொன்னது? அது சீந்திலாக இராது, அதைப் போலத் தோன்றும் வேறு கொடியாக இருக்கலாம் என்றது. அப்படியே வைத்துக்கொள்வோம். தாவரவியலாளரே தடுமாறக்கூடிய கொடியை வேலியிலிருந்து வெட்டிக் கொதிக்கவைத்துக் குடிக்கும் குடும்பத்தலைவி எப்படிப் பிரித்தறிவாள்? இந்த மறுப்பு கொடியைக் காப்பாற்றலாம், குடிப்பவரைக் காப்பாற்றாது.

அடுத்து வருவது ஆயிரமாண்டு அனுபவம் என்னும் வாதம். குடித்தவுடன் வாந்தி எடுத்தால் வைத்தியர் காண்பார். பல்லாயிரவரில் ஒருவருக்கு, வாரங்கள் கழிந்தபின் வரும் மஞ்சள் காமாலையை எந்தத் தனி வைத்தியர் மருந்தோடு இணைத்துப் பார்த்திருக்க முடியும்? அதற்கு இரத்தப் பரிசோதனையும் பலருடைய பதிவேடும் வேண்டும். மரபிடம் இவை இல்லாதது குற்றமன்று. இன்று இருக்கையில் மறுப்பதே குற்றம். அங்கீகரிக்கப்பட்ட பழைய நூலில் உள்ள மருந்துக்கு உரிமம் பெற, பாதுகாப்பு ஆய்வு தேவையில்லை என்கின்றன இந்திய விதிகள்.

ஆங்கில மருந்துகள் கல்லீரலைக் கெடுக்கவில்லையா என்பர். கெடுக்கின்றன. பாராசிட்டமால் அளவு மீறினால் கொல்லும். ஆனால் அந்த அளவு எது என்று நமக்குத் தெரியும், அது எழுதப்பட்டிருக்கிறது.

மருந்தைச் சுத்தி செய்தே தரவேண்டும் என்றனர் சித்த மருத்துவ முன்னோர். மருந்துக்குள் நஞ்சும் உண்டு என்று அவர்கள் அறிந்திருந்தனர். அவர்கள் பெயரால் பேசுவோர் அந்த அச்சத்தை மட்டும் கைவிட்டது ஏன்?