குரலுக்கு முகம் தேடிய காலம்

பேசும்படம் பிறந்த சில ஆண்டுகளிலேயே ஹொலிவூட் வானொலியின் வாசலில் போய் நின்றது. 1932இல் வெளிவந்த ‘த பிக் புரோட்காஸ்ட்’ படத்தில், காதால் மட்டும் அறிந்திருந்த பிங் கிராஸ்பி முதலான வானொலிப் பாடகர்களை நேயர்கள் திரையில் கண்டனர். குரலுக்கு முகம் தேடும் ஆவலே அப்படத்தின் மூலதனம்.

எங்கள் பண்டத்தரிப்பிலும் அந்த ஆவல் இருந்தது. 1952இல் இந்திய அமைச்சரான பி.வி. கேஸ்கரின் காலத்தில் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களை ஒதுக்கியது. இலங்கை வானொலி அவற்றை அரவணைத்தது. பாடியவருக்கு இணையாக, பாடலை அறிவித்த எஸ்.பி. மயில்வாகனமும் கடல்கடந்து நட்சத்திரமானார்.

பின்னர் ‘கோமாளிகளின் கும்மாளம்’ என்ற வானொலி நாடகம் வந்தது. அது ஒலிக்கும் நேரத்தில் சந்தித் தேநீர்க்கடையில் பேச்சு அடங்கிவிடும். அந்நாடகமே 1976இல் ‘கோமாளிகள்’ திரைப்படமாயிற்று. மரிக்கார் எஸ். ராம்தாஸ், உபாலி எஸ். செல்வசேகரன், அப்புக்குட்டி ராஜகோபால், பி.எச். அப்துல் ஹமீத் ஆகியோரின் முகங்களைக் காணவே நாங்கள் திரையரங்கு சென்றோம்.

தமிழகப் படங்களின் நிழலில் ஈழத்துப் படங்கள் வாடின என்று மட்டும் எழுதுவது அரைகுறை வரலாறு. நமக்கென்று நட்சத்திரங்கள் இருந்தார்கள். அவர்களை உருவாக்கியது ஒலிவாங்கி. ஈழத்துத் திரை வரலாற்றை வானொலி நிலையத்திலிருந்தே எழுதத் தொடங்க வேண்டும். அந்த நேயர் தலைமுறை முதுமையடைந்துவிட்டது. அவர்களிடம் கேட்டெழுத எஞ்சியிருக்கும் காலம் அதிகமில்லை.